ஒரு நம்பர் பிளேட்டோட விலை 1 கோடி! ராத்திரி டிரைவிங், டேஷ்கேம் – ஒரு சி.ஏ. கணக்கு



புது கார் டெலிவரி எடுத்ததும் சீட் கவர், மேட், பெர்ஃப்யூம், போன் ஹோல்டர்னு 15,000 ரூபாய்க்கு ஆக்சஸரி போட்டுடுவோம். டேஷ்கேம்னு சொன்னா மட்டும், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடுவோம். யூடியூபர்களுக்கும் கார் பைத்தியங்களுக்கும்தான் அது தேவைன்னு ஒரு நினைப்பு.

இந்தப் பதிவுல டேஷ்கேமை நான் ஒரு கேட்ஜெட்டா பார்க்கப் போறதில்ல. இன்ஷூரன்ஸ் பாலிசி, உயில், ஃபார்ம் 16 மாதிரி ஒரு ஆவணமாப் பார்க்கப் போறேன். டேஷ்கேம் விபத்தைத் தடுக்காது. பிரீமியத்தையும் பெரிசா குறைக்காது. அது செய்யற வேலை ஒண்ணே ஒண்ணுதான்: "யாரோ ஒருத்தன் இடிச்சுட்டுப் போயிட்டான்" என்கிற வாக்கியத்தை, "இந்த நம்பர் வண்டி, இந்த நேரத்துல, இப்படி வந்து இடிச்சது" என்று மாத்துது. இந்த மாற்றத்துக்கு எவ்வளவு பண மதிப்பு இருக்குன்னு கணக்குப் போட்டா, நிறைய பேருக்குத் தூக்கிவாரிப் போடும்.

முதல்ல, ராத்திரி ரோடு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த வருஷம் நாடு முழுக்க 4,61,312 விபத்துகள். இறந்தவங்க 1,68,491 பேர். விபத்துகளோட எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாட்டுக்குத்தான்: 64,105. ஒரு நாளை மூணு மூணு மணி நேரமாப் பிரிச்சுப் பார்த்தா, அதிக விபத்து நடப்பது சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணிக்குள்ள. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அதாவது நாம ஆபீஸ் முடிச்சு வீட்டுக்குக் கிளம்பற நேரம்.

அதே அறிக்கையில இன்னொரு எண்ணும் இருக்கு. 67,387 விபத்துகள் "ஹிட் அண்ட் ரன்" வகை. இடிச்ச வண்டி நிக்காமப் போயிடுச்சு. அதுல இறந்தவங்க 30,486 பேர். ஒட்டுமொத்த விபத்துகள்ல இந்த வகை சுமார் 15 சதவீதம். ஆனா மரணங்கள்ல 18 சதவீதம்.

பகல்ல நாலு பேர் பார்ப்பாங்க, டீக்கடைக்காரர் நம்பர் சொல்வார். ராத்திரி 11 மணிக்கு மதுராந்தகம் தாண்டி நெடுஞ்சாலையில யார் பார்ப்பாங்க? ஹை பீம் போட்டுக்கிட்டு எதிர்ல வர்ற பஸ், டெயில் லைட் இல்லாத கரும்பு டிராக்டர், ரிஃப்ளெக்டர் கூட இல்லாம ஓரமா நிக்கிற லாரி, ராங் சைடுல வர்ற பைக்... இதெல்லாம் ஒரு நொடி நம்ம கண்ணுல படும், அடுத்த நொடி இருட்டுல காணாமப் போயிடும்.

2 லட்சமும் 1 கோடியும்

இப்போ கணக்குக்கு வருவோம். கொஞ்சம் கசப்பான கணக்குதான். ஆனா டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கறப்போ இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டுத்தானே எடுத்தோம்?

28 வயசு ஊழியர் ஒருத்தர். நிரந்தர வேலை. மாசம் 50,000 ரூபாய் சம்பளம். வீட்டுல மனைவி, ஒரு குழந்தை, அம்மா மூணு பேரும் அவரை நம்பி இருக்காங்க. ராத்திரி வீட்டுக்கு வரும்போது ஒரு லாரி இடிச்சு இறந்துடறார்னு வெச்சுக்கோங்க.

நிலைமை 1: லாரி நம்பர் தெரியல. குடும்பத்துக்குக் கிடைப்பது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 161ன் கீழ் வர்ற ஹிட் அண்ட் ரன் இழப்பீடு. 1.4.2022 முதல் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். சம்பளம் எவ்வளவா இருந்தாலும் இதே தொகைதான்.

நிலைமை 2: லாரி நம்பர் தெரியும். குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல வழக்குப் போடலாம். தொகையை எப்படிக் கணக்கிடணும்னு உச்ச நீதிமன்றம் சர்ளா வர்மா வழக்குலயும் (2009), பிரணய் சேத்தி வழக்குலயும் (2017) தெளிவா சொல்லியிருக்கு. அதன்படி:

- வருட வருமானம்: 50,000 × 12 = 6,00,000 ரூபாய். (வரி போக மீதி வருமானம்தான் கணக்கு. புதிய வரி முறையில இந்தச் சம்பளத்துக்கு வரி வராது.)
- எதிர்காலச் சம்பள உயர்வுக்காக, 40 வயசுக்குக் கீழ் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு 50 சதவீதம் கூட்டணும்: 9,00,000 ரூபாய்.
- இதுல அவரோட சொந்தச் செலவுக்குன்னு மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கணும்: மீதி 6,00,000 ரூபாய்.
- 26 முதல் 30 வயசு வரைக்கும் பெருக்க வேண்டிய எண் 17. ஆக 6,00,000 × 17 = 1,02,00,000 ரூபாய்.

ஈமச்செலவு, குடும்பத்தோட இழப்பு போன்ற தலைப்புகள்ல இன்னும் கொஞ்சம் சேரும். கல்யாணம் ஆகாதவரா இருந்தா சொந்தச் செலவுக்குப் பொதுவா பாதி கழிப்பாங்க. அப்பவும் 76,50,000 ரூபாய் வருது.

ஒரே மனுஷன், ஒரே ரோடு, ஒரே விபத்து. ஒரு பக்கம் 2 லட்சம், இன்னொரு பக்கம் 1 கோடிக்கு மேல. நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒரு நம்பர் பிளேட்.

இந்தத் தொகையை லாரி டிரைவர் தன் பாக்கெட்ல இருந்து தரப் போறதில்ல. அந்த வண்டியோட தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி தரணும். அதுக்காகத்தான் எல்லா வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம்னு சட்டமே சொல்லுது. ஆனா எந்த வண்டின்னே தெரியலைன்னா, எந்த கம்பெனின்னு கேட்க முடியும்?

இதுல ஒரு கால வரம்பு இருக்கு. விபத்து நடந்த 6 மாதத்துக்குள்ள வழக்குப் போடணும்னு பிரிவு 166(3) சொல்லுது. துக்கத்துல இருக்கிற வீட்டுக்கு 6 மாதம் கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். இதை வீட்டுல ஒருத்தருக்காவது சொல்லி வையுங்க.

"உங்க மேலயும் 30 சதவீதம் தப்பு"

நம்பர் தெரிஞ்சாலும் வேலை முடியல. எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேட்பது, "உங்க ஆளு மட்டும் ஒழுங்கா ஓட்டினாரா?" என்பதுதான். கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ்னு சொல்வாங்க. விபத்துல உங்க பக்கமும் கவனக்குறைவு இருந்தா, அந்த சதவீதத்துக்கு இழப்பீட்டைக் குறைச்சுடலாம்.

மேல சொன்ன 1.02 கோடியில 30 சதவீதம்னா 30,60,000 ரூபாய். ஒரு வாக்குவாதத்தோட விலை இது!

ராத்திரி விபத்துகள்ல இந்த வாதம் ரொம்ப சுலபமா எடுபடும். இருட்டுல நின்ன லாரி மேல கார் மோதினா, "ஹெட்லைட் போட்டுத்தானே வந்தீங்க, நிக்கிற லாரி தெரியாதா?" என்பாங்க. அந்த லாரிக்குப் பார்க்கிங் லைட் எரியல, ரிஃப்ளெக்டர் ஒட்டல, பின்னாடி முக்கோணம் வைக்கல, பாதி வண்டி ரோட்டுல நின்னுது என்பதை யார் சொல்வாங்க? போலீஸ் வர்றதுக்குள்ள லாரிக்குப் பின்னாடி மரக்கிளை, கல்லுன்னு எல்லாம் வந்துடும். மோதறதுக்கு முந்தின 10 நொடி வீடியோவுல மட்டும்தான் அந்த லாரி உண்மையில எப்படி நின்னுதுன்னு இருக்கும்.

தலைகீழாவும் யோசிங்க. தப்பே உங்களோடது இல்ல, ராங் சைடுல வந்த பைக் உங்க கார்ல மோதிடுச்சு. நம்ம ஊர்ல எழுதப்படாத விதி ஒண்ணு இருக்கே: பெரிய வண்டிதான் குற்றவாளி! கூட்டம் கூடிடும். உங்க மேல அலட்சியமா ஓட்டினதா எஃப்.ஐ.ஆர். பதிவாகலாம். மரணம்னா பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1). 5 வருஷம் வரைக்கும் சிறை. இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களுக்காகப் பணம் கட்டும். கோர்ட்டுக்கு நீங்கதான் அலையணும். அந்த இடத்துல ஒரு நிமிஷ வீடியோ, வருஷக் கணக்கான அலைச்சலைக் குறைக்கலாம்.

சின்ன இடியிலும் ஒரு கணக்கு இருக்கு

எல்லாமே உயிர் போற விஷயம் இல்ல. சிக்னல்ல பின்னாடி இடிச்சுட்டு வளைஞ்சு போயிடற வண்டிதான் அதிகம். பம்பர், டெயில் லேம்ப் சேர்த்து 14,000 ரூபாய் செலவுன்னு வெச்சுக்கோங்க. உங்க பாலிசியிலேயே க்ளெய்ம் பண்ணிடலாம்னு தோணும். அங்கதான் என்.சி.பி. வருது.

க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஓன் டேமேஜ் பிரீமியத்துல தள்ளுபடி ஏறிக்கிட்டே போகும். நீங்க 50 சதவீதத்துல இருக்கீங்க, தள்ளுபடிக்கு முந்தின பிரீமியம் 12,000 ரூபாய்னு எடுத்துக்குவோம். க்ளெய்ம் பண்ணலைன்னா அடுத்த 5 வருஷத்துல மிச்சம் 30,000 ரூபாய். பண்ணினா தள்ளுபடி பூஜ்யத்துக்குப் போய் 0, 20, 25, 35, 45னு மறுபடி ஏறும்; மிச்சம் 15,000 ரூபாய்தான். வருஷா வருஷம் பிரீமியம் கொஞ்சம் மாறும், ஜி.எஸ்.டி. தனி, ஆனா கணக்கோட உருவம் இதுதான். 14,000 ரூபாய் ரிப்பேருக்காக 15,000 ரூபாய் தள்ளுபடியை இழக்கறீங்க. என்.சி.பி. புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தா வேற கணக்கு.

நம்பர் வீடியோவுல இருந்தா உங்களுக்கு இன்னொரு வழி திறக்குது. எதிர்த்தரப்புகிட்ட, இல்லைன்னா அவரோட தேர்ட் பார்ட்டி பாலிசிகிட்ட கேட்கலாம். சொத்து சேதத்துக்குத் தனியார் கார் பாலிசியில பொதுவா 7.5 லட்சம் ரூபாய் வரைக்கும் கவர் இருக்கும். தீர்ப்பாயம் வரைக்கும் போறது 14,000 ரூபாய்க்குக் கட்டுப்படி ஆகாது. ஆனா வீடியோவைப் பார்த்ததும் பேச்சுவார்த்தையிலேயே முடியற விஷயங்கள் நிறைய. பணம் வாங்கினா ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க. ஒரே சேதத்துக்கு ரெண்டு இடத்துல மட்டும் பணம் வாங்கக் கூடாது.

ராத்திரியில கேமராவுக்குக் கண்ணு தெரியுமா?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பகல் வீடியோவைப் பார்த்து வாங்கறோம். தேவைப்படறது ராத்திரியில.

இருட்டுல கேமரா வெளிச்சத்தைச் சேகரிக்க ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். ஒரு நொடியில 30ல் ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. உங்களை 80 கி.மீ. வேக வித்தியாசத்துல கடக்கிற வண்டி அந்த நேரத்துக்குள்ள 74 செ.மீ. நகர்ந்துடும். கார் நம்பர் பிளேட்டோட அகலமே 50 செ.மீ.தான்! எழுத்து எப்படித் தெரியும்? 4கே கேமரா வாங்கினாலும், 4கே தரத்துல ஒரு கலங்கல்தான் கிடைக்கும்.

ரெண்டாவது, இப்போ வர்ற ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்கள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். உங்க ஹெட்லைட் நேரா அதுல பட்டா, வீடியோவுல பிளேட் வெள்ளைப் பட்டையா மட்டும்தான் தெரியும்.

அதனால எதிர்ல ஹை பீம் போட்டு வர்ற வண்டியோட நம்பரை ராத்திரியில எந்தக் கேமராவும் உறுதியாப் பிடிக்கும்னு எதிர்பார்க்காதீங்க. உங்களை ஓவர்டேக் பண்ணி முன்னாடி போற வண்டி, முன்னாடி போய்க்கிட்டிருக்கிற வண்டி, பின்னாடி வந்து இடிச்சு நிக்கிற வண்டி – இவற்றோட நம்பரைப் பிடிக்கத்தான் நல்ல வாய்ப்பு. ஏன்னா உங்களுக்கும் அதுக்கும் வேக வித்தியாசம் கம்மி.

இதுக்குச் செலவே இல்லாத ஒரு தீர்வு இருக்கு: வாய்விட்டுச் சொல்லுங்க. மைக்கை ஆன்ல வையுங்க. சம்பவம் நடந்த அந்த நொடியே, "டாரஸ் லாரி, நீல தார்ப்பாய், டி.என். இத்தனை, பரனூர் டோல் தாண்டி, விழுப்புரம் போற பக்கம்"னு கண்ணுல பட்டதைச் சத்தமா சொல்லுங்க. கேமராவால படிக்க முடியாததை உங்க கண்ணு படிச்சிருக்கும். அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பதட்டத்துல மறந்துடுவீங்க, ரெக்கார்டிங் மறக்காது. நம்பர் முழுசா கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல. நேரம், இடம், வண்டி வகை இந்த மூணும் சரியா இருந்தா, அடுத்த டோல் கேட் கேமராவுல போலீஸ் தேட முடியும்.

ஆனா நம்பருக்காக எந்த வண்டியையும் துரத்தாதீங்க. ஆபத்தான டிரைவிங்கைப் பதிவு பண்ணப் போய் நாமளே ஆபத்தான டிரைவர் ஆயிடக் கூடாது.

வாங்கும்போது எதுக்குக் காசு கொடுக்கணும்?

பிராண்ட் பெயர் சொல்லப் போறதில்ல. பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

1. சென்சார், லென்ஸ். 4கே எண்ணை விட, இருட்டுக்குன்னு செஞ்ச சென்சாரும் (சோனி ஸ்டார்விஸ் மாதிரி), எஃப் 1.8 அல்லது அதைவிடக் குறைவான எண் கொண்ட லென்ஸும், ஹெச்.டி.ஆர். வசதியும் முக்கியம். வாங்கறதுக்கு முன்னாடி அந்த மாடலோட ராத்திரி வீடியோவைத் தேடிப் பாருங்க.

2. சூப்பர் கெபாசிட்டர். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா மே மாச வெயில்ல கண்ணாடி மேல வெந்து உப்பிடும். மோதல்ல கரன்ட் கட் ஆனாலும் கடைசி ஃபைலை சேமிக்க சில நொடி பவரை கெபாசிட்டர் தரும்.

3. ஜி.பி.எஸ். இடமும் நேரமும் தானாப் பதிவாகும். இல்லாத கேமராவுல தேதி 2018 ஜனவரி 1க்குப் போய் உட்கார்ந்திருக்கும். "இது அன்னிக்கு எடுத்த வீடியோவே இல்ல"னு எதிர்த்தரப்பு சொல்ல அது போதும்.

4. ஹை எண்டூரன்ஸ் மெமரி கார்டு. சாதாரண கார்டு இடைவிடாம எழுதறதைத் தாங்காது. நொடிக்கு 15 மெகாபிட் வேகத்துல பதிவானா ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டுல சுமார் 9 மணி நேரம். தினம் ஒன்றரை மணி நேரம் ஓட்டினா சுமார் ஆறு நாள்ல கார்டு நிரம்பி, பழைய வீடியோ அழிய ஆரம்பிக்கும். முன், பின் ரெண்டு கேமரான்னா இன்னும் சீக்கிரம்.

5. பின் கேமரா. பட்ஜெட் இருந்தா கட்டாயம் போடுங்க.

கேமரா 8,000, கார்டு 1,500னு வெச்சா மொத்தம் 9,500 ரூபாய். 4 வருஷம் உழைச்சா மாசம் 200 ரூபாய்க்குள்ள. ஒரு ஓ.டி.டி. சந்தா. பைக் ஓட்டறவங்களுக்கும் தண்ணி புகாத பைக் கேமராக்கள் வருது. ஹெல்மெட்டுக்கு அப்புறம் அது.

வரிச்சலுகை உண்டான்னு கேட்பீங்க. சம்பளக்காரங்களுக்குக் கிடையாது. "டேஷ்கேம் போட்டா இன்ஷூரன்ஸ் பிரீமியம் குறையும்"னு கடைக்காரர் சொன்னா, பாலிசியில காட்டச் சொல்லுங்க. ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குத் தர்ற சின்னத் தள்ளுபடி வேற, இது வேற.

மாட்டினதும் ரெண்டு வேலை. ஜி-சென்சாரை லோ அல்லது மீடியத்துல வையுங்க. ஹைல வெச்சா நம்ம ஊர் வேகத்தடை ஒவ்வொண்ணையும் விபத்துன்னு நினைச்சு லாக் பண்ணி கார்டை நிரப்பிடும். வாரம் ஒரு தடவை கண்ணாடியை உள்பக்கமும் துடைங்க. அந்த எண்ணெய்ப் படலம்தான் எதிர் லைட்டை வட்ட வட்டமாப் பரப்புது.

சம்பவம் நடந்துட்டா, வரிசை இதுதான்

முதல்ல மனுஷன், அப்புறம் வீடியோ. 108, 112. தேசிய நெடுஞ்சாலையா இருந்தா 1033. காயம்பட்டவருக்கு உதவறவங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ பாதுகாப்பு தருது. "போலீஸ் கேஸ் ஆயிடும்"னு பயந்து ஒதுங்காதீங்க.

எமர்ஜென்சி பட்டனை அழுத்துங்க. உங்க வண்டி மோதியிருந்தா ஜி-சென்சார் அந்த ஃபைலை லாக் பண்ணும். ஆனா கண்ணெதிரே வேற யாரையோ இடிச்சிருந்தா உங்க வண்டியில அதிர்வே இருக்காது. நீங்க அழுத்தலைன்னா சில நாள்ல அது அழிஞ்சுடும்.

கார்டைக் கழட்டி எடுத்து வையுங்க. வேற கார்டு போட்டுக்கோங்க. ஒரிஜினல் ஃபைலை வெட்டாதீங்க, பாட்டு சேர்க்காதீங்க, பெயர் கூட மாத்தாதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா அது சுருங்கி வேற ஃபைல் ஆயிடும். காப்பி வேணும்னா கார்டிலிருந்து நேரா லேப்டாப்புக்கு எடுங்க.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1.7.2024 முதல் அமல்ல இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 63ன்படி, மின்னணு ஆவணத்தோட காப்பியைச் சாட்சியமாக் கொடுக்க ஒரு சான்றிதழ் வேணும். பகுதி ஏ நீங்க கொடுப்பது, பகுதி பி நிபுணர் கொடுப்பது. அதுல ஃபைலோட ஹேஷ் மதிப்பும் எழுதணும். ஹேஷ்ங்கறது ஃபைலோட கைரேகை மாதிரி. ஒரு நொடி வெட்டினாலும் மாறிடும். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல நடைமுறை கொஞ்சம் எளிமை. ஆனா அதே விபத்தோட கிரிமினல் வழக்குல இது முக்கியம். ஒரிஜினல் கார்டு பத்திரமா இருந்தா பாதி வாக்குவாதம் குறையும்.

போலீஸ்ல சீக்கிரம் சொல்லுங்க. விதிகள்படி, விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ள தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும். வீடியோ இருக்குங்கற தகவல் அதுலயே வந்துட்டா, பின்னாடி "ஜோடிச்சது"ன்னு சொல்றது கஷ்டம். எழுத்துல கொடுத்து ஒப்புகை வாங்குங்க. உங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தகவல் சொல்லுங்க.

கேமராவுக்கு நண்பன் கிடையாது

ஒரு ஆடிட்டரா இதைச் சொல்லியே ஆகணும். லெட்ஜர்ல நமக்குப் பிடிச்ச பக்கம் மட்டும் இருக்காது. ஜி.பி.எஸ். கேமரா உங்க வேகத்தையும் எழுதும். நீங்க போன் பேசினதும், "மச்சான், ரெண்டு பெக்தான்டா"ன்னு சொன்னதும் ஆடியோவுல இருக்கும். 100 மி.லி. ரத்தத்துல 30 மி.கி.க்கு மேல ஆல்கஹால் இருந்தா முதல் தடவையே 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதையே காரணமாக் காட்டி உங்க கார் ரிப்பேர் க்ளெய்மை மறுக்கலாம். அப்போ வீடியோவை அழிச்சிடலாமேன்னு நினைக்காதீங்க. சாட்சியம் ஆகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம்.

நேர்மையா ஓட்டறவங்களுக்குத்தான் இந்த முதலீடு லாபம். கேமரா போட்ட பிறகு நிறைய பேர் கொஞ்சம் நிதானமா ஓட்டுவாங்க என்பது போனஸ்.

விபத்தே நடக்கல, ஆனா ஒருத்தன் உயிரோட விளையாடறான்

பிரிவு 184ன்படி ஆபத்தான டிரைவிங்கே குற்றம். யாரும் அடிபட்டிருக்கணும்னு அவசியம் இல்ல. பெங்களூரு போக்குவரத்துப் போலீஸுக்கு அஸ்த்ரம், டெல்லிக்கு டிராஃபிக் பிரஹரின்னு ஆப் இருக்கு. பொதுமக்கள் வீடியோ அனுப்பலாம். சென்னையில போக்குவரத்துப் போலீஸோட சமூக வலைதளப் பக்கத்துலயே புகார் கொடுக்கறாங்க.

ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, டேஷ்போர்டு கேமராவையும் அமலாக்கக் கருவின்னு சொல்லுது. ஆனா அது அரசு வெச்சு, முறையான சான்று வாங்கின கருவிக்கு. உங்க வீடியோ போலீஸுக்கு ஒரு தகவல், தீர்ப்பு இல்ல. நேரம், இடம், முழு க்ளிப் சேர்த்துக் கொடுத்தாத்தான் அவங்க மேல நடவடிக்கை எடுக்க முடியும்.

அதே வீடியோவை "இவனை வைரல் ஆக்குங்க"ன்னு இன்ஸ்டாவுல போடாதீங்க. நம்பரைத் தப்பாப் படிச்சிருந்தா அவதூறு வழக்கு உங்க மேல. அடிபட்டவர் முகம் தெரிஞ்சா அவங்க குடும்பத்துக்கு அது இன்னொரு அடி.

செலவு வரிசை

கடைசியா, எதுக்கு முதல்ல பணம் ஒதுக்கணும்? டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ், 15 லட்சம் ரூபாய் ஓனர்-டிரைவர் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் – இதெல்லாம் யார் தப்புன்னு கேட்காமப் பணம் தரும். அதனால அதுதான் முதல்ல. அப்புறம் நல்ல டயர், சரியா எரியற லைட், ஹெல்மெட். அதுக்கு அப்புறம் டேஷ்கேம். தீர்ப்பாயத்துல 1 கோடி வரலாம்னு டேர்ம் பாலிசியைத் தள்ளிப் போடாதீங்க. வழக்கு முடிய வருஷங்கள் ஆகும், ஸ்கூல் ஃபீஸ் ஜூன் மாசமே கட்டணும். ஃபார்ம் 16, ஐ.டி.ஆர். காப்பி வீட்டுல எங்க இருக்குன்னு மனைவிக்கோ அப்பாவுக்கோ தெரியட்டும். அந்த 6 லட்சத்தை நிரூபிக்கப் போறது அந்தக் காகிதம்தான்.

ஏற்கெனவே கேமரா வெச்சிருக்கீங்களா? இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கார்டைக் கழட்டி லேப்டாப்புல போடுங்க. தேதி சரியா இருக்கா, முன்னாடி போன வண்டியோட நம்பர் படிக்க முடியுதா, உங்க குரல் கேட்குதா, மூணே விஷயம் பாருங்க. ரோட்டுல யாரோ ஒருத்தர் விழுந்து கிடக்க, ஒரு லாரி நிக்காமப் போற ராத்திரி ஒண்ணு வந்தா, அந்தக் குடும்பத்தோட 2 லட்சத்துக்கும் 1 கோடிக்கும் நடுவுல இருக்கிற ஒரே சாட்சி உங்க கார்டா இருக்கலாம்.

என்.சி.பி. கணக்கையும் தீர்ப்பாயக் கணக்கையும் உங்க சம்பளத்துக்கு எப்படிப் போடறதுன்னு சேனல் வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டியிருக்கேன், பாருங்க. ராத்திரி ஓட்டும்போது லோ பீம்ல போங்க, தூக்கம் வந்தா ஓரம் கட்டுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.